பழைய கொரோலாவுக்கு எந்த ஷொக் அப்சோபர் வாங்குவது?

கேள்வி: என்னிடம் 1998ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 110 இருக்கிறது. மீற்றர் 290,000 கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது. உப்புவெளியில் இருந்து குச்சவெளிப் பாடசாலைக்குத் தினமும் நானே ஓட்டிப் போகிறேன். மாதத்தில் ஒருமுறை முதுகு நோவுள்ள அம்மாவைக் கண்டிக்குக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகவேண்டும். இப்போது கிடங்கில் விழுந்தால் முன்னால் "டக் டக்" என்று சத்தம். பிரேக் பிடித்தால் காரின் முன்பக்கம் கீழே மூக்குக் குத்துகிறது. முன்னால் இரண்டு ஷொக் அப்சோபரும் ஒயில் கசிகிறது, மாற்றவேண்டும் என்று கராஜில் சொல்கிறார்கள். பழையதையே ஒயில் நிரப்பி ரிப்பெயர் செய்யலாம், ஜப்பானில் இருந்து வந்த பாவித்த சோடி போடலாம், விலை குறைந்த புதுச் சோடி போடலாம், கயாபா பிராண்டில் புதுசு போடலாம் என்று நான்கு வழி சொன்னார்கள். இறுக்கமான ஸ்போர்ட்ஸ் வகை போடச் சொல்கிறான் தம்பி. இவ்வளவு பழைய காருக்குப் புதுசு வாங்குவது வீண் செலவா? நான்கையும் மாற்றவேண்டுமா? அடுத்த கிளினிக்குக்கு இப்படியே போகலாமா?
— ஓர் ஆசிரியை, உப்புவெளி

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பார்ப்போம். முன்பக்கத்துக்குப் புதுச் சோடி வாங்குங்கள். பெயர் தெரிந்த தயாரிப்பாளர் செய்த, உங்கள் காருக்கு டொயோட்டா வைத்த அதே அளவு இறுக்கம் உள்ள சாதாரண காஸ் வகை போதும். அதோடு மேல் மவுண்ட் (ஷொக்கின் தலையைக் காரின் உடலோடு இணைக்கும் றப்பர் பாகம்), பெயரிங், பம்ப் ஸ்டொப்பர், தூசி பூட் ஆகியவற்றையும் இரண்டு பக்கத்துக்கும் புதிதாக வாங்குங்கள். பட்ஜெட் இடித்தால் விலை உயர்ந்த ஷொக்கும் பழைய மவுண்டும் என்று போகாதீர்கள். நடுத்தர விலைப் புது ஷொக்கும் புது மவுண்டும் போடுங்கள். நான் பார்க்கும் பழைய கார்களில் பாதிக்கு மேற்பட்ட முறைப்பாடுகள் பழைய மவுண்ட் என்ற இந்த ஓர் இடத்தில்தான் பிறக்கின்றன.

ஆனால் இன்றைக்கே கடைக்குப் போகவேண்டாம். நீங்கள் எழுதிய இரண்டு குறைகளும் ஒரே இடத்தில் இருந்து வருகின்றனவா என்று பார்க்கவேண்டும். மூக்குக் குத்துவது ஷொக் தளர்ந்ததன் அடையாளம். "டக் டக்" சத்தம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருந்து வரும். ஒயில் போன ஷொக் காரை மிதக்க விடும், குதிக்க விடும். சத்தம் போடுவது மேல் மவுண்டின் காய்ந்த றப்பராகவோ, ஸ்டபிலைசர் லிங்க் ரொட்டாகவோ, லோவர் ஆர்ம் புஷ்ஷாகவோ, போல் ஜொயின்டாகவோ இருக்கலாம். இதைப் பிரித்துப் பார்க்காமல் புது ஷொக் போட்டுவிட்டு, சத்தம் அப்படியே இருக்கிறதே என்று திரும்பி வருகிறவர்கள் ஏராளம்.

வீட்டு வாசலிலேயே சிலவற்றைப் பார்த்துவிடலாம். காரை நிறுத்தி, போனற்றைத் திறந்து, ஒருவரை ஸ்டியரிங்கை இடமும் வலமும் முழுக்கத் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் இரண்டு பக்கமும் மேலே தெரியும் மவுண்டின் மூடியில் விரலை வைத்துப் பாருங்கள். கரகரப்பாகவோ, இறுகி நின்று திடீரென்று துள்ளுவது போலவோ தெரிந்தால் பெயரிங் போய்விட்டது. அடுத்து, டயரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றிலும் தடவிப் பாருங்கள். மேடு பள்ளமாக, கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்திருந்தால் சில்லு ரோட்டில் ஒட்டாமல் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது. அப்புறம், சமதரையில் வெறும் காரை விட்டு, சில்லின் நடுவில் இருந்து மட்காட்டின் விளிம்பு வரை இடமும் வலமும் அளந்து பாருங்கள். ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது ஸ்பிரிங்கின் குறை. காரின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஷொக் அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது மட்டும்தான். தாழ்ந்துபோன கார் புது ஷொக் போட்டால் உயராது.

முன்பக்கத்தைக் கையால் அமுக்கி விட்டு எத்தனை தரம் ஆடுகிறது என்று பார்க்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. முழுக்கச் செத்துப்போன ஷொக்கை அது காட்டிக்கொடுக்கும். பாதி போனதைக் காட்டாது. கை அமுக்கும் வேகம் வேறு, 60 கிலோமீற்றர் வேகத்தில் கிடங்கு கொடுக்கும் அடியின் வேகம் வேறு. ஒயில் கசிவிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உடம்பில் மெல்லிய ஈரப் படலமும் அதில் தூசியும் ஒட்டியிருந்தால் அவசரமில்லை. மேலே சீலில் இருந்து வழிந்து கீழ்வரை நனைந்திருந்தால்தான் போய்விட்டது என்று அர்த்தம். கராஜில் காரை உயர்த்தும்போது நீங்களே குனிந்து பாருங்கள். காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறொன்றும் இல்லை.

உங்கள் காரில் இருப்பது வெறும் ஷொக் அப்சோபர் இல்லை, ஸ்ட்ரட். 110இல் பின்பக்கமும் அப்படித்தான். 1940களின் பிற்பகுதியில் ஏர்ல் மக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் உருவாக்கிய அமைப்பு இது. பல பாகங்கள் செய்த வேலையை ஒன்றின் தலையில் ஏற்றினார். ஸ்பிரிங் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. சில்லைப் பிடிக்கும் நக்கிள் அதன் அடியில் போல்ட் போட்டு நிற்கிறது. முன்பக்கத்தில் ஸ்டியரிங் திரும்பும்போது அதுவும் சேர்ந்து திரும்புகிறது. வளைவில் பக்கவாட்டாக வரும் பாரத்தையும் அதுவே வாங்குகிறது. ஆகையால் இது கெட்டால் சொகுசு குறைவதோடு நிற்காது. ஸ்டியரிங்கும் பிரேக்கும் டயரும் சேர்ந்தே கெடும்.

சரி, கராஜில் சொன்ன வழிகளுக்கு வருவோம்.

ஒயில் நிரப்பி ரிப்பெயர் செய்வதை நான் ஸ்ட்ரட்டுக்கு ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன். உள்ளே இருப்பது, மருந்து ஏற்றும் சிரிஞ்ச் போல, ஒயிலைச் சின்னத் துளைகளாலும் வால்வுகளாலும் தள்ளி ஆட்டத்தை வெப்பமாக மாற்றும் கருவி. தேய்ந்துபோனது ஒயில் மட்டுமில்லை. பிஸ்டன், வால்வு, தண்டு வழுக்கும் புஷ், சீல் எல்லாமே தேய்ந்திருக்கின்றன. குழாயைத் துளைத்தோ வெட்டியோ ஒயில் விட்டு மறுபடி வெல்டிங் செய்தால் தேய்மானம் அப்படியே இருக்கும். தொழிற்சாலையில் ஏற்றிய நைதரசன் காஸும் போய்விடும். அந்தக் காஸ் அழுத்தம்தான் ஒயில் நுரைக்காமல் காக்கிறது. நுரைத்த ஒயில் வால்வில் தடையே கொடுக்காது. கிடங்கும் முடக்கும் தொடர்ந்து வரும் பாதையில் அரை மணி நேரம் ஓடியதும் கார் மறுபடி மிதக்கத் தொடங்குவது இதனால்தான். அதோடு, பாரம் தாங்கும் குழாயில் யாரோ போட்ட வெல்டிங்கை நம்பிச் சில்லை மாட்டிக்கொண்டு ஓடவேண்டும்.

பாவித்த ஜப்பான் சோடிதான் ஆசை காட்டும். கொழும்பில் பாவித்த உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் இருந்து வரும்போது ஸ்பிரிங்கும் மவுண்டும் சேர்ந்தே வரும். அப்படியே தூக்கி மாட்டிவிடலாம், ஸ்பிரிங் அமுக்கும் வேலையும் மிச்சம். பார்க்கவும் காய்ந்து சுத்தமாக இருக்கும். ஆனால் 110 கொரோலா ஜப்பானில் விற்பனையானது 1995க்கும் 2000க்கும் இடையில். அந்தக் காரில் இருந்து கழற்றிய ஸ்ட்ரட் எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் அதன் சீலுக்கும் மவுண்ட் றப்பருக்கும் கிட்டத்தட்ட உங்கள் காரின் வயதுதான். பல காலம் அசையாமல் கிடந்த சீல், மாட்டி ஓடத் தொடங்கியதும் சில மாதத்தில் கசிவதை அடிக்கடி பார்க்கிறேன். இயந்திரமோ கியர்பொக்ஸோ என்றால் பாவித்ததை யோசித்துப் பார்க்கலாம். ஷொக், பிரேக், றப்பர் விடயத்தில் வேண்டாம். ஒரேயொரு விலக்கு: உங்கள் ஸ்பிரிங் உடைந்திருந்து, புதுசு கிடைக்காவிட்டால், பாவித்த சோடியில் இருந்து துருப்பிடிக்காத ஸ்பிரிங்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

விலை குறைந்த புதுச் சோடிகளில் நல்லதும் உண்டு, மோசமும் உண்டு. பெட்டியில் தயாரிப்பாளரின் பெயர், காரின் செசி வகை, உடம்பில் பொறித்த இலக்கம், உத்தரவாதம் எழுதிய பற்றுச்சீட்டு இவையெல்லாம் இருந்தால் யோசிக்கலாம். பெயரே இல்லாத வெள்ளைப் பெட்டி என்றால் விட்டுவிடுங்கள். ஓட்டும்போது முதல் வருசம் வித்தியாசம் தெரியாது. தண்டின் குரோம் பூச்சின் தரமும் சீலின் தரமும் கடற்காற்றில்தான் வெளிக்கும்.

கயாபா நல்ல தெரிவு. ஜப்பான் கார்களுக்குத் தொழிற்சாலையிலேயே ஷொக் கொடுக்கிற நிறுவனம் அது. மொன்ரோவும் உலகம் முழுக்கப் பெயர் உள்ளது. இரண்டில் எது உங்கள் வண்டிக்குச் சரியான இலக்கத்தில், நம்பகமான கடையில் கிடைக்கிறதோ அதை எடுங்கள். பிராண்ட் பற்றிச் சண்டை பிடிக்க இதற்கு மேல் ஒன்றுமில்லை. போலி பற்றித்தான் கவலைப்படவேண்டும், ஏனென்றால் பெயர் பெற்ற சாமானுக்கே போலி வரும். பெட்டியில் உள்ள இலக்கமும் ஷொக்கின் உடம்பில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். இடம், வலம் என்று தனித்தனி அடையாளம் இருக்கவேண்டும். தண்டை அமுக்கிக் கட்டி வைத்திருக்கும் பட்டியைக் கடைக்காரரை உங்கள் முன்னால் வெட்டச் சொல்லுங்கள். காஸ் வகை என்றால் தண்டு தானாக மெதுவாக வெளியே வரும். அசையாமல் கிடந்தால் காஸ் இல்லை.

வாங்கப் போகும்போது பதிவுப் புத்தகத்தின் பிரதியையும் கொண்டு போங்கள். "110 கொரோலா" என்று மட்டும் சொன்னால் போதாது. 1500 சீசீ பெற்றோல் ஏஈ110, 1300 பெற்றோல் ஈஈ111, டீசல் சீஈ110 எல்லாம் கடையில் ஒரே பெயரில்தான் ஓடுகின்றன. டீசல் இயந்திரம் பாரம் கூடியது. அதன் முன் ஸ்பிரிங்கைப் பெற்றோல் காருக்கு மாட்டினால் மூக்கு உயர்ந்து நிற்கும், அம்மாவின் முதுகு அன்றைக்கே சொல்லிவிடும்.

தம்பியின் யோசனைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். ஸ்போர்ட்ஸ் வகை மேடு பள்ளமில்லாத ரோட்டில் வேகமாக வளைகிறவர்களுக்கும், அதற்கேற்ற இறுக்கமான ஸ்பிரிங் போட்டவர்களுக்கும் உரியது. சாதாரண ஸ்பிரிங்கோடு அதைப் போட்டால் ஒவ்வொரு சின்னக் கல்லின் அடியும் மவுண்டுக்கும் பழைய புஷ்களுக்கும் நேராக இறங்கும். இருபத்தைந்து வருசம் கடந்த உடலில் வெல்டிங் இணைப்புகளும் டாஷ்போர்ட்டும் கதவு றப்பர்களும் அதைத் தாங்கிப் பழகவில்லை. இறுக்கம் கூடினால் சில்லு ரோட்டை நன்றாகப் பிடிக்கும் என்று நினைக்கிறோம். கரடுமுரடான பாதையில் நடப்பது எதிர்மாறு: சில்லு மேட்டில் இருந்து பள்ளத்துக்கு இறங்க நேரமில்லாமல் தாவிப் போகும். அம்மாவை ஏற்றிக்கொண்டு நாலைந்து மணி நேரம் ஓடுகிற உங்களுக்கு டொயோட்டா வைத்த இறுக்கமே சரியான இறுக்கம்.

இனித் துரு. இதைக் கொழும்பிலோ கண்டியிலோ இருக்கும் மெக்கானிக் இவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டார். உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று கடலோரமாகவே உங்கள் கார் ஓடுகிறது. மாரியில் வடகீழ்க் காற்று கடலில் இருந்து உப்பைக் கொண்டுவந்து அடிக்கிறது. ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங் உட்காரும் கீழ்த் தட்டு கிண்ணம் போல இருப்பதால் மணலும் ஈரமும் அதில் தேங்கும். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று அங்கே உரசிப் பூச்சை இழந்து, துருப்பிடித்து, ஒருநாள் முனை உடையும். உடைந்த முனை டயரைக் கிழித்த சம்பவங்களும் உண்டு. ஆகையால் ஸ்ட்ரட்டைக் கழற்றியதும் ஸ்பிரிங்கின் கீழ்ச்சுற்றைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொறுக்கு உதிர்ந்து கம்பி மெலிந்திருந்தால் ஸ்பிரிங்கையும் சோடியாக மாற்றுங்கள். போனற்றுக்குள் ஸ்ட்ரட் வந்து முட்டும் உடல் பகுதியையும், அதாவது டவரையும், கீழ்ப்புறம் மண்ணைக் கழுவிவிட்டுப் பாருங்கள். அங்கே தகடு அரித்திருந்தால் முதலில் வெல்டிங் வேலைதான் நடக்கவேண்டும். அரித்த தகட்டில் புது ஷொக் போடுவதில் பயனில்லை.

வேலை முடிந்த பிறகு, மாரி காலத்தில் வாரம் ஒருமுறையாவது சில்லு வளைவுக்குள் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். சேர்விஸ் நிலையங்களில் அடியைக் கழுவிவிட்டு டீசலோ பழைய ஒயிலோ விசிறுவார்கள். உங்கள் காருக்கு அதை வேண்டாம் என்று சொல்லுங்கள். இரும்புக்கு நல்லது போலத் தெரியும், ஆனால் புஷ் றப்பர்களை ஊதிப் பஞ்சாக்கிவிடும்.

பூட்டும்போது நீங்கள் பக்கத்தில் நிற்பீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன். ஸ்பிரிங்கை அமுக்க முறையான கொம்பிரெசர் ஒரு சோடி கராஜில் இருக்கவேண்டும். அது இல்லாமல் கம்பியோ கயிறோ கட்டி அமுக்குகிற இடமென்றால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அமுங்கிய ஸ்பிரிங் விடுபட்டால் ஆளைக் கொல்லும் பலம் அதற்கு உண்டு. தண்டை வைஸ்கிறிப்பால் பிடித்து நட்டைத் திருகக்கூடாது, குரோமில் ஒரு கீறல் விழுந்தாலும் புதுச் சீல் அதிலேயே கிழியும். புது ஷொக்கை மாட்டுமுன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தரம் முழுக்க அமுக்கி இழுத்தால், படுத்துக் கிடந்த காலத்தில் உள்ளே மாறிப்போன காற்றும் ஒயிலும் இடத்துக்கு வரும். கழற்றும்போது நக்கிளைப் பிரேக் ஹோஸில் தொங்கவிடக்கூடாது. லோவர் ஆர்ம் புஷ்ஷைத் தொட்டிருந்தால் அதன் போல்ட்டைச் சில்லு தரையில் நிற்கும் நிலையில்தான் கடைசியாக இறுக்கவேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் றப்பர் எந்நேரமும் முறுகியபடி இருந்து சீக்கிரம் கிழியும்.

மேல் நட்டும் நக்கிள் போல்ட்களின் நட்டும் புதிதாக இருக்கட்டும். எல்லாம் முடிந்ததும் வீல் எலைன்மென்ட் கட்டாயம். ஸ்ட்ரட்டைக் கழற்றினால் முன் சில்லின் சாய்வும் நேரும் மாறியே தீரும். இதைப் பின்போட்டால் புது டயர் ஒரு சோடியும் வாங்கவேண்டி வரும்.

நான்கையும் ஒரே நாளில் மாற்றவேண்டுமா என்று கேட்டீர்கள். முன் இரண்டும் கசிகின்றன, ஆகவே முன் இரண்டும் சேர்ந்தே மாறவேண்டும். ஒரு பக்கம் புதுசும் மறுபக்கம் பழசும் வேண்டவே வேண்டாம், பிரேக்கில் கார் ஒரு பக்கம் இழுக்கும். பின்பக்கம் காய்ந்திருந்து, பின் டயர் சீராகத் தேய்ந்திருந்தால் அடுத்த போனஸ் வரை பொறுக்கலாம். மொன்ரோ போன்ற தயாரிப்பாளர்கள் 80,000 கிலோமீற்றர் வாக்கில் மாற்றச் சொல்கிறார்கள். 290,000 ஓடிய காரில் பின்பக்கம் எப்போது மாறியது என்றே தெரியாவிட்டால், இந்த வருசக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பழைய காருக்கு இது வீண் செலவா என்ற உங்கள் கவலை எனக்கு நன்றாகப் புரிகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, சொந்தக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இன்றைய வரியோடு ஒரு புதுக் காரின் விலையைக் கேட்டுப் பாருங்கள். இயந்திரமும் உடலும் நன்றாக உள்ள 110ஐ இன்னும் பல வருசம் ஓட்டலாம். வருமான அனுமதிப்பத்திரத்துக்காக ஒவ்வொரு வருசமும் புகைப் பரிசோதனை செய்கிறோம், ஆனால் சொந்தக் காரின் சஸ்பென்ஷனை யாரும் கட்டாயப்படுத்திப் பார்ப்பதில்லை. அதைப் பார்க்கவேண்டியவர் நீங்கள்தான். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை குறுக்கே வரும்போது பிரேக்கை மிதித்தபடி ஸ்டியரிங்கையும் ஒடிக்க நேரும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே நான் இந்தச் செலவைச் செய்யச் சொல்வேன்.

அடுத்த கிளினிக் பயணம் பற்றி: நாளைக்கே ஒரு கராஜில் காரை உயர்த்தி, ஸ்பிரிங் முனை, மேல் டவர், போல் ஜொயின்ட் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இதில் ஒன்றாவது கெட்டிருந்தால் கண்டிக்கு அந்தக் காரில் போகாதீர்கள், பஸ்ஸோ வாடகை வேனோ பிடியுங்கள். மூன்றும் நன்றாக இருந்து, குறை ஒயில் கசிவு மட்டும்தான் என்றால் இந்த ஒரு பயணம் போய் வரலாம். 60க்கு மேல் ஓட்டவேண்டாம். முன்னால் போகும் வாகனத்துக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள். மழை பெய்தால் மாத்தளைக்கு அப்பால் உள்ள வளைவுகளில் இன்னும் மெதுவாக எடுங்கள். யானை ரோட்டுக்கு வரும் பொழுதுபடுகிற நேரத்துக்கு முன்பே ஹபரணையைத் தாண்டி வரும்படி கிளினிக்கில் இருந்து புறப்படுங்கள்.